கன்னேரிமுக்கு பங்களா

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் போன் செய்தபோது, "நீ தெப்பக்காட்டுக்காரன், யானையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிடு, வேலை முடிஞ்சுது" என்றார்கள். ஹாஸ்டலில் பெட்டியை இறக்கி வைத்த நாளிலிருந்தே எனக்கு இந்தத் தொல்லை உண்டு. முதுமலை யானைகள் முகாமுக்குப் பக்கத்தில் பிறந்தவன் யானையைத் தவிர வேறெதையும் பார்த்திருக்க மாட்டான் என்பது நம் வகுப்பின் நம்பிக்கை. சரி, யானையிலேயே ஆரம்பிக்கிறேன். ஆனால் போய்ச் சேரப் போவது ஒரு வீட்டுக்கு.

குவாலியரில் ஜெய் விலாஸ் என்று ஓர் அரண்மனை இருக்கிறது. சிந்தியா மன்னருக்காக மைக்கேல் ஃபிலோஸ் என்பவர் வடிவமைத்து 1874-ல் கட்டி முடித்தது. முழுக்க முழுக்க இத்தாலிய மோஸ்தர். ஒரு பகுதி இன்று மியூசியம். அதன் தர்பார் ஹாலில் ஒவ்வொன்றும் மூன்றரை டன் எடையுள்ள இரண்டு சரவிளக்குகள் தொங்குகின்றன. அவற்றைத் தொங்கவிடுமுன் கூரை தாங்குமா என்று பார்க்க, சாய்தளம் கட்டி யானைகளைக் கூரைமேல் ஏற்றி நிறுத்தினார்கள் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் கதை. எட்டு யானை என்பார்கள், பத்து என்பாரும் உண்டு. நான் எட்டையே எடுத்துக்கொள்கிறேன். ஓர் யானைக்குக் குறைந்தது மூன்றரை டன் வைத்தால் இருபத்தெட்டு டன். தொங்கப் போகும் சுமை ஏழு டன். ஆக, பாதுகாப்புக் காரணி நான்கு! நம் ஸ்ட்ரக்சர்ஸ் பேராசிரியர் கேட்டால் திருப்தி அடைந்திருப்பார். யானையைக் கூரையிலிருந்து எப்படி இறக்கினார்கள் என்றுதான் எங்கள் ஊர் மாவுத்தர்கள் கேட்பார்கள்.

இந்த இத்தாலிய மோஸ்தருக்கு ஒரு பின்னணி உண்டு. தாழ்ந்த சரிவுள்ள கூரை, வெளியே நீண்டு தாங்குகட்டைகள் மேல் நிற்கும் இறவாணம், அரைவட்ட வளைவு ஜன்னல்கள், மூலையில் ஒரு சதுரக் கோபுரம்: இதுதான் அதன் அங்க லட்சணம். விக்டோரியா மகாராணி வைட் தீவில் 1845 முதல் 1851 வரை கட்டிக்கொண்ட ஆஸ்போர்ன் மாளிகை இப்படி அமைந்ததும், அது உலகமெங்கும் பணக்காரர்களின் ஆசையாகிவிட்டது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட மாளிகைகள் பலவற்றை, நாற்காலி மேசை திரைச்சீலை உள்பட அப்படியே காப்பாற்றி, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். நம் காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் இத்தாலியப் பளிங்கும் பர்மா தேக்கும் வந்து உட்கார்ந்ததும் கிட்டத்தட்ட அதே ஆசையில்தான்.

எங்கள் நீலகிரியில் அந்த மாதிரி மாளிகை மியூசியம் கிடையாது. இருப்பது ஒரு சின்ன வீடு. கோத்தகிரியிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் கன்னேரிமுக்கு என்ற படுகர் கிராமத்தில், சிவப்பு வர்ணம் பூசிய மாடி வீடு. பெத்தக்கல் பங்களா என்று பெயர். ஊட்டியை உண்டாக்கியவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அந்த ஜான் சல்லிவன் நீலகிரியில் முதன்முதலாகக் கட்டிய வீடு. சரவிளக்கு கிடையாது. கூரைமேல் யானை ஏற்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் குவாலியரைவிட இந்த வீடுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் பாவத்தைச் சொல்லியாக வேண்டும்.

கல்லூரியை விட்டு வந்து இரண்டாவது வருஷம். ஒரு எஸ்டேட்டில் பழைய பங்களாவைப் பழுது பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நூறு வயது தாண்டிய கட்டிடம். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனமான சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. பூச்சு அங்கங்கே உதிர்ந்திருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், சுண்ணாம்பைப் பற்றி நாம் படித்தது 'கட்டிடப் பொருட்கள்' பாடத்தில் மொத்தம் அரைப் பக்கம்; அதையும் கேள்வித்தாளில் வராது என்று சாய்ஸில் விட்டவர்கள் நாம். பழைய பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒன்றுக்கு நான்கு சிமெண்ட் கலவையில் இருபது மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசச் சொன்னேன்.

கூட வேலை பார்த்த மேஸ்திரி, அவினாசிப் பக்கத்துக்காரர், அறுபதைத் தொட்டவர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இது வேண்டாங்க. சுண்ணாம்பு மூச்சு விடும். சிமெண்டு விடாதுங்க. உள்ள இருக்கிற மண்ணு செத்துப் போகும்" என்றார். எனக்கு இருபத்து நான்கு வயது, கையில் பட்டம், சட்டைப் பையில் புது பேனா. "அண்ணே, ஐ.எஸ். கோடு என்ன சொல்லுதோ அதைத்தான் செய்யணும்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

முதல் மழைக்காலத்தில் வீடு பளபளவென்று இருந்தது. எஸ்டேட் மேனேஜர் கை குலுக்கினார். இரண்டாம் மழையில் உள் சுவரில் ஈரம் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. பூச்சு வயிறு மாதிரி உப்பியது. சுவருக்குள் எப்படியோ இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மண்ணைச் சேறாக்கிக்கொண்டிருந்தது. உத்தரங்களின் முனைகள் சுவருக்குள்ளேயே மக்கின. மூன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒரு ராத்திரி வடக்குச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆள் யாரும் இல்லை, அது அந்த வீடு எனக்குச் செய்த தயவு. மிச்சத்தை இடித்துவிட்டு, ஷீட் போட்டு ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டினார்கள். இடிக்கும் நாளில் நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கன்னேரிமுக்குக்குப் போனேன். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி, கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டி, அங்கிருந்து கோத்தகிரி. பஸ்ஸில் அரை நாள் ஆகிவிட்டது. சல்லிவன் காலத்தில் இவ்வளவு சுலபம் இல்லை என்பது மட்டுமல்ல. எங்கள் முதுமலைப் பக்கம் அன்று நீலகிரியே கிடையாது. அது மலபாரின் வயநாட்டைச் சேர்ந்தது. தென்கிழக்கு வயநாட்டை 1877-ல்தான் நீலகிரியோடு சேர்த்தார்கள். நீலகிரியே அதற்கு முன் கோயம்புத்தூர் ஜில்லாவின் ஒரு மூலைதானே. 1868-ல் தனியாகப் பிரிந்து, 1882-ல் கலெக்டர் ஆளும் மாவட்டமாயிற்று.

1799-ல் திப்பு விழுந்ததும் கோயம்புத்தூரோடு சேர்ந்து இந்த மலையும் கம்பெனி கைக்கு வந்தது. வந்ததே தவிர, மேலே என்ன இருக்கிறது என்று கீழே உள்ள துரைமார்களுக்குத் தெரியாது. 1812-ல் வில்லியம் கீஸ் என்ற சர்வேயர் ஏறிப் பார்த்து அறிக்கை கொடுத்தார். அது கோப்பில் தூங்கிற்று. 1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு இளம் அதிகாரிகள் ஏறிவிட்டு வந்து, மேலே குளிராக இருக்கிறது, ஊர்கள் இருக்கின்றன என்று தங்கள் கலெக்டரிடம் சொன்னார்கள். அந்தக் கலெக்டர்தான் சல்லிவன். 1788-ல் லண்டனில் பிறந்தவர், பதினாறு வயதில் கம்பெனி உத்தியோகத்துக்கு வந்தவர். 1819 ஜனவரியில் தானே ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறினார். அப்போது அவருக்கு வயது முப்பது. நம்மில் பலர் அந்த வயதில் ஹவுசிங் லோனுக்கு அலைந்துகொண்டிருந்தோம்.

அதே ஆண்டு திரும்பவும் மேலே வந்து, வெள்ளையர்கள் டிம்ஹட்டி என்று எழுதிய திம்பட்டியை ஒட்டி வீட்டைக் கட்டத் தொடங்கினார். ஊட்டி இன்னும் பிறக்கவில்லை. குன்னூர் வழியும் இல்லை. சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு அவர் போடவைத்த பாதை 1823-ல்தான் முடிந்தது. ஆக இந்த வீட்டுக்கு ஒரு வண்டிச் சாமான்கூட வண்டியில் வரவில்லை. வந்ததெல்லாம் தலையிலும் தோளிலும் வந்தது. மிச்சம் அந்த மலையிலேயே கிடைத்த கல்லும் மண்ணும் மரமும்.

வாசலில் நின்று நான் இன்னொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு உரிமம் வாங்கியது 1824. அதாவது இந்த வீடு சிமெண்டுக்கு ஐந்து வயது மூத்தது. இன்று மலை முழுக்கக் கூரையாக இருக்கிறதே, நெளிவுத் தகரம், அதற்கு லண்டனில் பாமர் என்பவர் உரிமம் வாங்கியது 1829. வீடு அதற்குப் பத்து வயது மூத்தது. நாம் ஓர் எஞ்சினியரிங் பட்டம் முழுவதும் படித்த பொருட்கள் எதுவும் உலகத்திலேயே இல்லாத காலத்தில், ஐப்பசி கார்த்திகை மழை கொட்டும் ஒரு மலைச்சரிவில் (கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலம் என்பது நினைவிருக்கட்டும்) வீடு கட்டியிருக்கிறார்கள்.

சுண்ணாம்பின் சூட்சுமத்தை இந்த இடத்தில் மாணவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியே போகிறது. தண்ணீர் விட்டால் நீறுகிறது. மணல் சேர்த்து அரைத்துச் சுவரில் பூசிய பிறகு, காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. இதற்கு நாள் கணக்கல்ல, வருஷக் கணக்கு. நம் ஊரில் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். இறுகின பிறகும் அதில் நுண்துளைகள் உண்டு. சுவர் நனைந்தால் அந்த வழியாகக் காய்ந்துவிடும். கட்டிடம் கொஞ்சம் அசைந்தால் கூடவே அசைந்து கொடுக்கும். சிமெண்ட் பலசாலிதான். ஆனால் அது பக்கத்தில் இருப்பவனுக்கு விட்டுக்கொடுக்காத பலசாலி. மண் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசுவது, காய்ச்சல்காரனுக்கு ரெயின்கோட் மாட்டிப் பட்டன் போடுவது மாதிரி. மேஸ்திரி ஒரே வாக்கியத்தில் சொன்னதை எனக்கு விளங்கிக்கொள்ள ஒரு சுவர் விழ வேண்டியிருந்தது.

பெத்தக்கல் பங்களாவும் விழுந்திருக்க வேண்டியதுதான். சல்லிவன் ஊட்டிக்கு நகர்ந்த பிறகு பெயரும் புகழும் அங்கே போய்விட்டன. இங்கே வீடு கவனிப்பாரின்றிப் பாழடைந்து கிடந்தது. 2000-களின் தொடக்கத்தில் நீலகிரி ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு முயற்சி எடுத்து அதைப் பழைய வடிவிலேயே மீட்டார். இன்று அது சல்லிவன் நினைவகம். நீலகிரி ஆவண மையமும் அங்கேதான். பழைய படங்கள், மலையின் வரலாறு, தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் வாழ்க்கை பற்றிய தகவல்கள் என்று வைத்திருக்கிறார்கள். மாளிகை மியூசியம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். துரை சாய்ந்த கட்டில், துரைசாணி வாசித்த பியானோ என்று எதிர்பார்க்காதீர்கள். வீடே காட்சிப் பொருள்.

சல்லிவனின் மீதிக் கதை பலருக்கும் தெரிந்ததே. 1822-ல் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் கட்ட ஆரம்பித்தார். மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். 1955 முதல் அரசு கலைக் கல்லூரி நடப்பது அந்த வளாகத்தில்தான். ஏரியை வெட்டினார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று இங்கிலீஷ் காய்கறிகளைக் கொண்டுவந்தார். 1830-ல் கோயம்புத்தூர் கலெக்டர் பதவியிலிருந்து போனார். 1838-ல் அவர் மனைவியும் ஒரு மகளும் இறந்தார்கள்; இருவர் கல்லறையும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் இருக்கிறது. 1841-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பி, 1855-ல் அங்கேயே காலமானார். ஊட்டியின் இருநூறாவது ஆண்டு விழாவின்போது, 2022-ல், அவருக்கு அங்கே சிலை வைத்தார்கள்.

இப்போது நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி. "ஏண்டா, எட்டயபுரத்துல பாரதியார் வீடு இருக்கு, விருதுநகர்ல காமராஜர் வீடு இருக்கு. அதையெல்லாம் பாதுகாத்தா அர்த்தம் இருக்கு. தோடர்கிட்ட ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கின கம்பெனிக்காரன் வீட்டை எதுக்குடா கட்டிக் காக்கணும்?"

நியாயமான கேள்வி. நான் அதைச் சமாளித்துவிடப் போவதில்லை. ஏக்கர் ஒரு ரூபாய் என்பது உண்மை. வாங்கியவர் ஜில்லாவையே ஆளும் கலெக்டர். விற்றவர்களுக்கு 'ஏக்கர்' என்ற சொல்லே புதுசு. இதைப் பேரம் என்று சொன்னால் என் மனசு ஒப்பவில்லை. அதே சமயம், இந்த மலை தோடர்களுக்கே பாத்தியப்பட்டது, அவர்களுக்கு ஈடு கொடுக்காமல் எடுக்கக்கூடாது என்று தன் மேலிடத்தோடு மல்லுக்கு நின்றவரும் இதே சல்லிவன்தான். கவர்னர் லஷிங்டனோடு அவருக்குச் சண்டையே வந்தது. ஒரே ஆளுக்குள் இரண்டும் இருந்திருக்கிறது. அவரைக் கும்பிடவும் தோன்றவில்லை, வெறும் கொள்ளைக்காரன் என்று ஒதுக்கவும் முடியவில்லை.

அமெரிக்காவில் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் வீடு இடிந்துகொண்டிருந்தபோது, ஆன் பமேலா கன்னிங்ஹாம் என்ற பெண்மணி 1853-ல் பெண்கள் சங்கம் ஒன்று அமைத்து, நாடு முழுக்கப் பணம் திரட்டி அதை விலைக்கு வாங்கினார். வீட்டை மியூசியமாகக் காக்கும் வழக்கம் அந்த நாட்டில் வேர்விட்டது அப்படித்தான். ரொம்ப காலம் அங்கே வாஷிங்டனின் பெருமையை மட்டுமே பேசினார்கள். இன்று அதே தோட்டத்தில் அவர் வைத்திருந்த அடிமைகளைப் பற்றியும் பேசுகிறார்கள். அவர்கள் புதைக்கப்பட்ட இடத்தையும் காட்டுகிறார்கள். வீடு நின்றதால்தான் அந்த இரண்டாவது பேச்சுக்கு இடம் கிடைத்தது. கன்னேரிமுக்கிலும் எனக்குத் தோன்றியது இதுதான். சிறுமுகைச் சரிவில் பாதை இல்லாத காலத்தில் சாமான் சுமந்தவர்கள், கல் உடைத்தவர்கள், மண் மிதித்தவர்கள் பெயரில் ஒரு பலகை இருக்கலாம். பெயர் தெரியாவிட்டால் பெயர் தெரியாதவர்கள் என்றே எழுதலாம். நண்பரிடம் இதைச் சொன்னேன். "பலகை வெச்சா மட்டும் ஒரு ரூபாய் நூறு ரூபாய் ஆயிடுமா?" என்றார். ஆகாதுதான்.

ஒன்று மட்டும் சொல்வேன். எங்கள் தெப்பக்காட்டில் நான் பிறந்து வளர்ந்த லைன் வீடு இன்று இல்லை. இருந்த இடத்தில் லண்டானா புதர் மண்டிக் கிடக்கிறது. அது யாருக்கும் வரலாறு அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் மகனுக்கு அதைக் காட்டப் போனபோது, கையை நீட்டி "இங்கதான் அடுப்பு இருந்துச்சு" என்று புதரைக் காட்டினேன். அவன் புதரைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். இடித்த வீட்டைப் பற்றி யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது, நல்லதையும் சரி, கெட்டதையும் சரி.

இதையெல்லாம் மலரில் எழுதக் காரணம் இருக்கிறது. நம் கல்லூரியின் பழைய பிளாக்கைப் பற்றிச் சென்ற கூட்டத்தில் பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டிராயிங் ஹால் பக்கத்துச் சுவரில் பூச்சு உதிர்கிறது, முன்னாள் மாணவர்கள் நிதியில் நன்றாக சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன், பழக்க தோஷம். பிறகு சுவரில் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே இருப்பது சுண்ணாம்பு. நகத்தால் அழுத்தினால் பவுடராக உதிரவில்லை. நல்ல சரக்கு. ஈரம் வருவது பூச்சினால் அல்ல. மேலே மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீர் சுவர் வழியாக இறங்குகிறது. குழாயைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, உதிர்ந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு பூசினால் போதும். டைல்ஸ் செலவில் கால் பங்குகூட ஆகாது.

இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். "சுண்ணாம்பு பூச இந்தக் காலத்துல ஆள் எங்கப்பா கிடைக்கும்?" என்று நம் பொருளாளர் கேட்டார். அவினாசிக்கு ஒரு நடை போய் வந்தேன். மேஸ்திரி எழுபதைத் தாண்டிவிட்டார், கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. எஸ்டேட் பங்களா விழுந்ததை நானே சொன்னேன். "தெரியுங்க தம்பி" என்றார், அவ்வளவுதான். பிறகு, "என்னால சாரத்துல ஏற முடியாது. கீழ நின்னு சொல்லித் தர்றேன். நாலு பசங்களைக் கூட்டிட்டு வாங்க, பஸ் சார்ஜும் மத்தியானச் சாப்பாடும் போதும்" என்றார். சிவில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் யாருக்கு இஷ்டமோ, கூட்டத்தன்று டிராயிங் ஹால் படிக்கட்டில் என்னைப் பார்க்கலாம். பழைய சட்டை போட்டுக்கொண்டு வரவும். சுண்ணாம்பு துணியில் பட்டால் போகாது.